கன்னியப்பன் ஓட்டினால் நிற்கும் வண்டி

சோமங்கலம் ஏரிக்கரை மேல் அம்பாசிடர் மறுபடியும் நின்றது. முதலில் ஒரு விக்கல். அப்புறம் அடுத்தடுத்து நாலைந்து விக்கல். வண்டி முன்னும் பின்னும் குலுங்கி, என்ஜின் மூச்சு அடங்கிப்போயிற்று. பொழுது இன்னும் விடியவில்லை. கரையோரத்துப் பனைகளில் மட்டை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

கன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பின் சீட்டில் ரகுபதி சார் என்ன செய்துகொண்டிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். திட்டித் தொலைத்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

இறங்கி பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தான். பேட்டரி முனை கெட்டியாக இருந்தது. பெட்ரோல் வந்துகொண்டிருந்தது. நாலு பிளக் ஒயரையும் ஒவ்வொன்றாக அழுத்திவிட்டான். திரும்ப வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினால், செல்ப் கிர்ரென்று சுற்றியதே தவிர என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி இறங்கினான், மறுபடி டார்ச் அடித்தான், மறுபடி ஏறினான். கிழக்கே வெளுக்க ஆரம்பித்த பிறகு, புதிதாக ஒன்றும் செய்யாமல் சும்மா ஒருமுறை திருப்பியதற்கு, வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிட்டது.

வல்லம் தாண்டி வயல்களுக்கு நடுவே புதிதாக வந்திருந்த வார்ப்பட ஆலையின் கேட்டில் சாரை இறக்கியபோது முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது. ரகுபதி சார் அங்கே ஷிப்டுக்குப் பொறுப்பானவர். உலையைப் பற்றவைத்துவிட்டு அவருக்காகக் காத்திருக்க முடியாது. கதவைச் சாத்திவிட்டுக் குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"கன்னியப்பன், உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டி சொல்லிக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வேறு சமயமாக இருந்தால் கன்னியப்பன் இதற்கு அவ்வளவு கலங்கியிருக்க மாட்டான். ஒரு சவாரி போனால் இன்னொரு சவாரி. ஆனால் அந்த ஆடி மாதத்தில் ஆலையில் ஒரு பேச்சு அடிபட்டது. கம்பெனிக்கென்று சொந்தமாகக் கார் வாங்கப்போகிறார்கள், நிரந்தரமாக ஒரு டிரைவரை எடுப்பார்கள் என்று. ரகுபதி சாரே ஒருநாள் வழியில் பேச்சுவாக்கில், ஒரு மனு எழுதிக் கொடுங்கள், நான் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அன்றையிலிருந்து கன்னியப்பனுக்குத் தூக்கம் கெட்டது. காக்கிச் சட்டையில் கம்பெனி பேர் தைத்திருக்கும். சவாரி வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் சம்பளம். ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். நினைக்க நினைக்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆளே மாறிப்போனான். சட்டையைத் தினமும் இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டான். பீடியை விட்டான். குன்றத்தூரில் சார் குடியிருந்த தெருவுக்கு, சொன்ன நேரத்துக்கு முன்பாகவே போய்ச் சேர்ந்தான். ஆலைக்குப் போகிற ரோடு அப்போது அகலப்படுத்துவதற்காக செம்மண் கொட்டிக் கிடந்தது. ஒருதரம் போய்வந்தாலே வெள்ளை வண்டி காவி கட்டிக்கொள்ளும். அதனால் தெருமுனை அடிபம்பில் தண்ணீர் அடித்து, வாளி வாளியாக ஊற்றி, முன்பக்கத்து ஜாலியில் ஒட்டிய பூச்சியெல்லாம் போகும்படி விசிறியடித்துக் கழுவுவான். சார் டிபன் டப்பாவோடு வெளியே வரும்போது வண்டி பால் சொம்பு மாதிரி நிற்கும்.

அப்படி நின்ற வண்டிதான் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏரிக்கரையில் காலை வாரியது.

வண்டி அவனுடையதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் சிமெண்டுக் கடை வைத்திருந்த அண்ணாதுரையுடையது. விடியற்காலையிலிருந்து பகல்வரை கன்னியப்பன் ஓட்டுவான். அதற்கப்புறம் இரவுவரை முனிரத்தினம் ஓட்டி, கடைக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் விட்டுவிட்டுப் போவான். ஆளுக்கொரு சாவி. கன்னியப்பனும் முனிரத்தினமும் ஒரே லாரியில் கிளீனர்களாக இருந்து, ஒரே இலையில் பிரித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். தன் தங்கை கிளியம்மாளை அவனுக்குக் கட்டிவைத்ததே கன்னியப்பன்தான். கல்யாணத்துக்குப் பிறகு ஒருவன் மச்சான், இன்னொருவன் மாப்ள ஆனார்களே தவிர, நீ வா போ மாறவில்லை.

வண்டி நின்றதை அவனிடம் சொல்லி, பகலில் உனக்கும் இப்படிப் பண்ணுகிறதா என்று கன்னியப்பன் கேட்டான். முனிரத்தினம் டீயை உறிஞ்சியபடி யோசித்துப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணியும் பண்ணலியே மச்சான். நல்லாத்தான் கீது."

வெகுளியாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சொல் கன்னியப்பனுக்குள் முள்ளாக இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. அண்ணாதுரையிடம் போய், பிளக்கும் ஒயரும் மாற்றிப் பார்க்கலாம், ரொம்பப் பழசு என்று சொன்னபோது அவரும் அதையேதான் திருப்பினார். முனிரத்தினம் ஓட்டும்போது ஓடுகிற வண்டிக்கு எதற்குப் புது ஒயர்? ஓட்டுகிற கையைப் பார் என்று சொல்லிவிட்டுச் சிமெண்டு மூட்டை எண்ணப் போய்விட்டார்.

அப்புறம்தான் அந்த இன்னொரு சேதி வந்தது. ஆலை வாட்ச்மேன் பேச்சோடு பேச்சாக, உங்க மாப்பிள்ளையும் டிரைவர் வேலைக்கு மனு கொடுத்திருக்கிறாராமே, இரண்டு பேரில் யாருக்குக் கிடைத்தாலும் குடும்பத்துக்குள்தானே என்றான். கன்னியப்பன் சிரித்து வைத்தான். மனு போட்டது பெரிதில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் பெரிதாக இருந்தது. தானும் தன் மனுவைப் பற்றி முனிரத்தினத்திடம் வாய் திறக்கவில்லை என்பது அப்போது அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

ராத்திரி வண்டியை விடுகிறவன் அவன். காலையில் முதல் சவாரியில் வண்டி நிற்கிறது. பகலில் நிற்பதில்லை. இதைத் தராசில் போட்டு நிறுக்க வேண்டுமா?

கன்னியப்பன் கண்காணிக்க ஆரம்பித்தான். டாங்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை பாட்டிலில் இறக்கி, மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தான். வாசனையில் ஒன்றும் புரியவில்லை. பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். அதற்கு மறுநாள் நன்றாக ஓடி, அதற்கும் மறுநாள் சோமங்கலம் கூட்டுரோட்டுக்குக் கிட்டே நின்றது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு அந்தப் பக்கத்தில் எந்த முனையிலும் போலீஸ் இல்லாத நாளில்லை. இருட்டில் நடுரோட்டில் நின்ற காரை இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ரகுபதி சார் தன் அடையாள அட்டையைக் காட்டி, பெயரும் ஊரும் சொல்லிக்கொண்டு ரோட்டோரத்தில் நின்றதை கன்னியப்பனால் தாங்க முடியவில்லை. அவர் பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை என்று சொன்னாரே, அந்தத் தடவை இதுதானா இல்லை இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதா என்று அவர் சொல்லவில்லை.

வீட்டில் அவன் மனைவி சுந்தராம்பாள் இவன் படுத்துப் புரளுவதைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டறிந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, கெடுக்க நினைக்கிறவனுக்கு இவ்வளவு அறிவு இருக்காதா என்றாள். "வண்டிய கெடுக்கிறவன், தன் கையிலயும் ஒரு தபா நின்னுச்சின்னு சொல்லிக்க மாட்டானா? உனக்கு மட்டும் நிக்குதுன்னு அவனே எதுக்கு வாயால சொல்றான்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் கேட்கிற மனநிலையில் அவன் இல்லை. மறுநாள் பகலில் வண்டியைக் கைமாற்றுமுன், ஒரு துடைப்பக் குச்சியைக் கிள்ளி பானெட் இடுக்கில் யாருக்கும் தெரியாதபடி செருகி வைத்தான். பானெட்டைத் திறந்தால் குச்சி விழும். விடியற்காலையில் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தான். குச்சி இல்லை. தரையில் டார்ச் அடித்துத் தேடினான். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைக் கையில் எடுத்தபோது அவனுக்குக் கோபத்தைவிட ஒரு நிம்மதிதான் முதலில் வந்தது. இத்தனை நாள் தவிப்புக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை தண்டலத்தில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனான். முனிரத்தினம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கிளியம்மாள் அண்ணனைக் கண்டதும் தட்டு எடுக்கப் போனாள். அவர்களுடைய குழந்தை தென்றல் தவழ்ந்து வந்து இவன் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. கன்னியப்பன் உட்காரவில்லை.

"ராத்திரி வண்டியில இன்னா பண்ற மாப்ள நீ?"

"இன்னா பண்றேன்?"

"பானெட்ட தொறந்தியா, இல்லியா?"

"தொறந்தேன். ரேடியேட்டர்ல தண்ணி கொறையுது, ஊத்தினு வரேன். நீ காலைல பாக்காமயே எடுத்துகினு போயிட்ற."

"என் கையில மட்டும் நிக்குது. உன் கையில நிக்கல. அந்த வேலைக்கு நீயும் எழுதிக் குடுத்துகீற. நானும் சோறுதான் துன்றேன் மாப்ள."

முனிரத்தினம் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். அவசரப்படாமல் எழுந்து போய்க் கை கழுவினான். ஆணியில் மாட்டியிருந்த சட்டையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து வந்து, கன்னியப்பன் கையில் கொடுக்காமல், அவன் முன்னால் தரையில் வைத்தான்.

"நாளையிலேந்து ரெண்டு வேளையும் நீங்களே ஓட்டிக்குங்க."

அத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் வாயில் அந்த 'நீங்க' வந்தது. அறைந்திருந்தால்கூட கன்னியப்பனுக்கு அவ்வளவு உறைத்திருக்காது. தட்டோடு நின்ற கிளியம்மாள் அதைக் கீழே வைத்தாள். அவள் அழவில்லை.

"நீ பாத்து கட்டி வச்ச ஆளுதானண்ணா இவரு. தங்கமான மனுசன்னு சொல்லித்தானே கட்டி வச்ச. அன்னிக்கு பொய் சொன்னியா, இன்னிக்கு பொய் சொல்றியா?"

கன்னியப்பன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தான். குழந்தை அவன் பின்னாலேயே வாசல்வரை தவழ்ந்து வந்தது. தூக்கிக்கொள்ளத் துணிவு வரவில்லை.

அன்று மாலை வண்டியைத் தானே ஓட்டினான். தானே கொட்டகையில் விட்டுப் பூட்டினான். இரண்டு சாவியும் அவன் மடியில் இருந்தன. போதாதென்று கொட்டகையிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டான். வேறு யார் கையும் படாத வண்டியாக அது விடியற்காலையில் கிளம்பியது. குன்றத்தூர்வரை ஒரு குறையில்லாமல் ஓடிற்று. கன்னியப்பன் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான். பார்த்தாயா, பார்த்தாயா என்று யாரிடமோ வாதாடிக்கொண்டே போனான். அடிபம்பில் தண்ணீர் அடித்து, எந்நாளையும்விட இன்னும் இரண்டு வாளி அதிகமாகவே ஊற்றினான்.

சார் வந்து ஏறினார். ஊர் எல்லை தாண்டியதும் வண்டி விக்கியது.

கன்னியப்பன் கியரைக் குறைத்தான். ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி அதற்கும் விக்கியது. ஏரிக்கரை மேல் ஏறுவதற்குள் நின்றேவிட்டது. குற்றம் சாட்ட இப்போது அவனைத் தவிர வேறு ஆள் இல்லை. இறங்கி டார்ச்சைத் தட்டினால் அது எரியவில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டகையில் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்ததில் செல் தீர்ந்துபோயிருந்தது.

ரகுபதி சார் கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஏதும் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கன்னியப்பன் அவரிடம் வந்தான். இதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டான். முன்னால் உட்கார்ந்து, நான் சொல்லும்போது சாவியை மட்டும் திருப்புகிறீர்களா சார்? கியர் போடாதீர்கள், வேறொன்றும் செய்ய வேண்டாம். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேண்டைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, பரீட்சை எழுத உட்காருகிறவர் மாதிரி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"இப்ப திருப்புங்க சார்."

செல்ப் சுற்றியது. பானெட்டுக்குக் கீழே இருட்டில் குனிந்திருந்த கன்னியப்பன் அதைப் பார்த்தான். பிளக் ஒயர்களின் மேல் நீலநிறத்தில் பொறிப்பொறியாக நெருப்பு ஊர்ந்தது. ஒரு ஒயரிலிருந்து பக்கத்து ஒயருக்குத் தாவியது. இன்னொன்றிலிருந்து என்ஜின் இரும்புக்கு இறங்கியது. படபடவென்று கடுகு வெடிக்கிற மாதிரி சத்தம்கூடக் கேட்டது. பிளக்குக்குப் போய்ச் சேர வேண்டிய தீப்பொறி அத்தனையும் வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

இத்தனை நாளும் அவன் பானெட்டுக்கு முன்னால் நின்றபோது என்ஜின் சுற்றவில்லை. அவன் சாவியைத் திருப்பியபோது தூக்கிய பானெட் கண்ணை மறைத்தது. சுற்றியிருந்தாலும் டார்ச் வெளிச்சத்தில் அந்த நீலப்பொறி தெரிந்திருக்காது.

ஒயரைத் தொட்டுப் பார்த்தான். விரல் நனைந்தது. பனி ஈரம் என்று இத்தனை நாளும் அதை விட்டிருந்தான். என்ஜின் மேல், ஒயர் மேல், தீப்பொறியை நாலு பிளக்குக்கும் பங்கிட்டு அனுப்பும் டெல்கோ மூடியின் மேல், எங்கும் துளித்துளியாகத் தண்ணீர். ரோடு காய்ந்து கிடந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவன் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒயர் பழசாகி வெடித்திருந்தது. முனிரத்தினம் வண்டியைக் கழுவுகிற ஜாதியே இல்லை. அவன் கையில் ஒயர் காய்ந்திருந்தது, ஓடியது. இவன் சாரின் கண்ணில் படுவதற்காக ஜாலி வழியாக வாளி வாளியாக விசிறியடித்த தண்ணீரெல்லாம் உள்ளே போய் ஒயரில் உட்கார்ந்தது. நின்று நின்று என்ஜின் சூட்டில் அது காய்ந்ததும் வண்டி தானாகக் கிளம்பியது. இவ்வளவுதான். இவன் அந்த வேலைக்கு ஆசைப்பட்ட நாளில்தான் வண்டி நிற்கவும் ஆரம்பித்திருந்தது.

"கிடைச்சுதா?" என்று சார் கேட்டார்.

கிடைத்தது சார் என்றான். தோளிலிருந்த துண்டால் ஒயர்களையும் டெல்கோ மூடியையும் துடைத்தான். துண்டு நனைந்துபோனதும் இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றி அதனாலும் துடைத்தான். சாவியைத் திருப்பச் சொன்னான். வண்டி பிடித்துக்கொண்டது. வெற்று மார்போடு அவன் வந்து உட்கார்ந்தபோது சார் பின் சீட்டுக்குப் போனார். வழியில் கன்னியப்பன் ஒயர் வெடித்திருந்ததைச் சொன்னான். இறங்கும்போது அவர், வேறு வண்டி வேண்டாம், முதலில் அந்த ஒயரை மாற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாதுரையிடம் அவன் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நாலு பிளக்கும் ஒரு செட் ஒயரும் தன் கையிலிருந்து போட்டு வாங்கினான். கடை வாசலிலேயே மாற்றியிருக்கலாம். வண்டியை அவன் தண்டலத்துக்கு ஓட்டினான். முனிரத்தினத்தின் வீட்டுக்கு எதிரே வேப்ப நிழலில் நிறுத்திப் பானெட்டைத் தூக்கினான்.

என்ன சொல்லி உள்ளே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அதனால் வேலையைத் தொடங்கினான். கிளியம்மாள் கதவு வரை வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முனிரத்தினம் வீட்டில்தான் இருந்தான். கல்குவாரி லாரி ஒன்றுக்குப் பேசி வைத்திருந்தான், மறுநாளிலிருந்து போக வேண்டும். இதெல்லாம் கன்னியப்பனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது அவனுக்குத் தெரிந்ததெல்லாம், சன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் அசைவதும் நிற்பதும்தான்.

ஒரு ஒயரைக் கழற்றினால் அந்த இடத்தில் புது ஒயரைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். கிளீனர் பயலுக்குக்கூடத் தெரிந்த விஷயம். கன்னியப்பன் இருந்த பதற்றத்தில் நாலையும் மொத்தமாக உருவிப் போட்டான். பழைய ஒயரை வளைத்தால் முருங்கை நெற்று மாதிரி வெடித்தது. பிளக்குகளைக் கழற்றினான். முனை கரி பிடித்து, தேய்ந்து, இடைவெளி அகன்று போயிருந்தது. புதியதைக் கையால் திருகி ஏற்றிப் பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்கினான். ஒயர்களை மாட்டினான். மனசு சன்னலில் இருந்தது. எது எதற்குப் போயிற்று என்று அவனுக்கே தெரியாது.

சாவியைத் திருப்பியதும் வண்டி படாரென்று வெடித்தது. கார்புரேட்டர் வழியாகப் புகை வந்தது. தெருநாய்கள் குரைத்தன. உள்ளே குழந்தை வீறிட்டது. மறுபடியும் திருப்பினான். வண்டி ஜன்னி கண்ட மாடு மாதிரி உதறிவிட்டு மறுபடியும் வெடித்தது. ஸ்டாண்டுக்காரன் யாராவது பார்த்தால் சிரித்துச் சாவான்.

முனிரத்தினத்தால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். இவனைப் பார்க்கவில்லை. பானெட்டுக்குள் குனிந்து ஒவ்வொரு ஒயராக விரலால் தடவிக்கொண்டே போனான். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று தீப்பொறி போகும் வரிசையை வாய்க்குள் முணுமுணுத்தான். இரண்டு ஒயரைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினான்.

"மூணும் நாலும் மாறிகீது. இப்ப போடுங்க."

கன்னியப்பன் திருப்பினான். வண்டி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. ஒரு விக்கல் இல்லை. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணி ஊத்துனது நான்தான் மாப்ள. கழுவுறேன்னு நானே ஊத்தி, நானே நனைச்சி, உன்னப் போயி..."

முனிரத்தினம் பழைய ஒயர் ஒன்றைக் கீழேயிருந்து எடுத்து வளைத்துப் பார்த்தான். அது வெடித்தது. தூக்கி எறிந்தான்.

"என்ன கேட்ருக்கலாம். பானெட்ல குச்சி வக்கிறதுக்கு பதிலா என்ன கேட்ருக்கலாம். குச்சிய நான் பாக்கலன்னு நெனச்சிகினீங்களா?"

அவ்வளவுதான் சொன்னான். உள்ளே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கிளியம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்புத் துண்டும் கொண்டுவந்து படியில் வைத்தாள். கன்னியப்பன் கை கழுவினான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. இவனும் எதிர்பார்க்கவில்லை.

வண்டி அதற்குப் பிறகு எங்கேயும் நிற்கவில்லை. ஐப்பசி மழையில் ரோடு முழங்கால் தண்ணீராகக் கிடந்தபோதும் அது பாட்டுக்கு ஓடியது. முனிரத்தினம் விட்ட ஓட்டத்துக்கு அண்ணாதுரை வேறொரு ஆளைப் போட்டார். அந்த ஆளோடு கன்னியப்பனுக்குச் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. கார்த்திகை மாதத்தில் ஆலைக்குக் கார் வந்தது. கூடவே மெட்ராஸ் தலைமை அலுவலகத்திலிருந்து அதற்கு ஒரு டிரைவரும் வந்தான். ரகுபதி சார் வருத்தத்தோடு சொன்னார், இவர்கள் மனுவையெல்லாம் அங்கே யாரும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்று. கன்னியப்பன் பரவாயில்லை சார் என்றான். அதைச் சொல்லும்போது அவனுக்கு நிஜமாகவே அந்த வேலையின் மேல் ஆசை விட்டுப்போயிருந்தது. ஆனால் தூக்கம் திரும்பவில்லை. கல்குவாரி லாரி எதிரே வரும்போதெல்லாம் ஓட்டுகிறவன் முகத்தைத் தேடினான். சில நாள் அது முனிரத்தினமாகவே இருந்தது. லாரி வேகம் குறையாமல் போய்விடும்.

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் காலை, முனிரத்தினமும் கிளியம்மாளும் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, பழம். சுந்தராம்பாள் ஓடிப்போய்ப் பாய் விரித்தாள். முனிரத்தினம் ஓரமாக உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் சொல்கிற மாதிரி சொன்னான். தென்றலுக்குத் தைக் கிருத்திகையன்று குன்றத்தூர் மலையில் காது குத்துகிறோம். குடும்பத்தோடு வந்து நடத்திக் கொடுக்க வேண்டும்.

தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்த முடியாது. அதனால்தான் வேறு வழியில்லாமல் வந்தானா, மனம் இறங்கித்தான் வந்தானா என்று கன்னியப்பனுக்குப் புரியவில்லை. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, வருகிறோம் என்றான். அன்று ராத்திரியும் தூங்கவில்லை.

கிருத்திகையன்று மலையில் கூட்டம் நெரிந்தது. மொட்டையடித்த குழந்தைகளின் அழுகை ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். கன்னியப்பன் புதுத் துணி, கொலுசு, தோடு எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய தென்றலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மனையில் உட்கார்ந்தான். குழந்தை அவன் பித்தானைத் திருகி விளையாடியது. ஆசாரி ஊசியை எடுத்ததும் எப்படித்தான் அதற்குத் தெரிந்ததோ, வில்லாக வளைந்து கத்தத் தொடங்கியது. கன்னியப்பனுக்குப் பிடி நழுவியது. இறுக்கிப் பிடிக்கவும் பயம், விடவும் பயம்.

"தலைய கெட்டியா புடி மச்சான், அசையுது பார்," என்று முனிரத்தினம் கத்தினான். கத்தியதோடு நிற்காமல் முன்னால் வந்து மண்டியிட்டு, கன்னியப்பனின் கைக்கு மேல் தன் கையையும் வைத்து அழுத்திக்கொண்டான். ஊசி ஒரு காதில் இறங்கியது. பிறகு மறு காதில். குழந்தை மூச்சடைத்து, நீலமாகி, அப்புறம் பெரிதாக ஒரு அழுகை அழுதது. கிளியம்மாள் வாயில் சர்க்கரையைத் திணித்தாள். முனிரத்தினம் கையை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

படி இறங்கும்போது கன்னியப்பன்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தான். விசும்பல் ஓய்ந்து அது தூங்கிவிட்டிருந்தது. வெயிலில் படி சுட்டது. இரண்டு படி முன்னால் போய்க்கொண்டிருந்த முனிரத்தினம் திரும்பிப் பார்த்தான்.

"எண்ணெ சிந்தி கீது. பாத்து எறங்குங்க."

மேலே 'புடி மச்சான்' என்றவன் வாயில் மறுபடியும் அந்த 'ங்க' வந்திருந்தது. கன்னியப்பன் பார்த்துத்தான் இறங்கினான்.